செல்வமலரின் இரண்டு விஜயதசமிகள்

வியாழக்கிழமை காலை செல்வமலரின் முன்னறையில் இரண்டு தையல் மெசின்களும் சந்தனமும் குங்குமமும் பூசி, பூமாலை போட்டுக்கொண்டு புதுப்பெண்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. முதல்நாள் மாலையே ஆயுத பூசைக்கு வைத்தாயிற்று. பெரிய கத்தரிக்கோல், அளவுநாடா, ஊசிப்பெட்டி எல்லாம் பக்கத்து மேசையில் வரிசையாகக் கிடந்தன. நாளைக்கு விஜயதசமி. காலையில் பூசை முடித்து எடுக்கும்வரை அவற்றை யாரும் தொடக் கூடாது. அதனால் செல்வமலர் ஆறுதலாகத் தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். குசினியில் மேல்வீட்டு ஞானம்பிகை கடலை அவித்துக்கொண்டிருந்தாள்.

போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. யுவஸ்ரீ அனுப்பியிருந்தாள்.

"இனிய விஜயதசமி வாழ்த்துகள் அக்கா! இன்னிக்கு ஆறு செட். மஞ்சள் மூணு, நீலம் ரெண்டு, சிவப்பு ஒண்ணு, இதே வரிசையில. மூணு மணிக்கு இங்க இருக்கணும். சாயந்தரக் கப்பல்ல போற வண்டிங்க. லேட் ஆகவே கூடாது."

செல்வமலர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தாள். இன்றைக்கு எங்கே விஜயதசமி வந்தது?

யுவஸ்ரீ கோயம்புத்தூர்ப் பிள்ளை. இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்குப் படிக்க வந்து, படித்து முடித்து, பிரங்காச்சோப் பக்கத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பொருள் வாங்கும் பொறுப்பில் இருந்தாள். வியா மக்வேதாத் தெருவில் சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு பாட்டுப் போட்டபடி ஊர்ந்து திரியும் மூன்று சில்லு வண்டிகள் இருக்கின்றனவே, நாங்கள் ஊரில் ஓட்டோ என்று சொல்வோமே, அதைத்தான் அங்கே மின்சாரத்தில் ஓடவிட்டு, கூரைக்குக் குஞ்சம் கட்டி, பத்து மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அந்த வண்டிகளின் இருக்கை உறைகளைத் தைத்துக் கொடுப்பவள் செல்வமலர். ஞானம்பிகையும் அவளோடு சேர்ந்து தைப்பவள். இரண்டாவது மெசின் அவளுடையது.

அந்தத் தொழிற்சாலையில் களஞ்சியம் என்று ஒன்று கிடையாது. சில்லோ, கண்ணாடியோ, உறையோ, எது தேவையோ அது அன்றைக்கே, சொன்ன நேரத்துக்கு, சொன்ன அளவில் வாசலுக்கு வர வேண்டும். காலையில் செய்தி வரும், பின்னேரம் சரக்குப் போகும். யுவஸ்ரீக்கு அது வேதம். மேலதிகமாக ஒரு திருகாணி கிடந்தாலும் அவளுக்கு உடம்பெல்லாம் கடிக்கும். தொடக்கத்தில் செல்வமலர் ஒரு காவலுக்கு நாலு செட்டைத் தைத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாள். இலங்கையின் வன்னியில் பிறந்தவள், நாளைக்கு என்று ஏதாவது எடுத்து வைக்காவிட்டால் அவளுக்கு நித்திரை வராது. யுவஸ்ரீ அதைக் கண்டுபிடித்து, "கலர் மாறினா இதை என்னக்கா பண்ணுவீங்க?" என்றாள். அடுத்த மாதமே கலர் மாறியது. அந்த நாலு பச்சை உறைகளும் யாருக்கும் வேண்டாமல் இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கின்றன.

வேதத்துக்குத் தண்டனையும் உண்டு. தொழிற்சாலைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. பொருள் வராமல் வேலை நின்றுவிட்டால், யாரால் நின்றதோ அவருடைய பெயரைச் சிவப்பு மையால் அதில் எழுதிவிடுவார்கள். பெயர் ஏறியவருக்கு அடுத்த பருவத்து ஓடர் கிடையாது. இதை ஏற்படுத்தியவளும் யுவஸ்ரீதான். செல்வமலருக்கு முன்னால் உறை தைத்துக் கொடுத்த கதானியா நகரத்துக் கம்பனி அந்தப் பலகையில் ஏறித்தான் வெளியே போனது. இப்போது அந்தக் கம்பனிக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டு திரும்பவும் வாசலில் வந்து நிற்பதாகக் கேள்வி.

ஓடர் போனால் என்ன ஆகும் என்று செல்வமலருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. யுத்தம் முடிந்து, புருசன் பத்மநாதன் கூப்பிட்டு இங்கே வந்த நாள் தொடங்கி மூன்று இத்தாலிய அம்மணிகளின், அதாவது சிஞ்ஞோராமாரின், வீட்டுத் தரையை அவள் துடைத்திருக்கிறாள். முழங்கால் இரண்டும் இன்னும் கறுத்துத் தடித்துப்போய்க் கிடக்கின்றன. அதில் ஒரு சிஞ்ஞோரா தன் மாடிக் கதிரைக்குத் தைக்கச் சொல்லிக் கொடுத்த ஒரு மெத்தை உறையில்தான் இந்தத் தொழிலே தொடங்கியது. ஓடர் போனால் மறுபடி வாளியும் துணியும்தான்.

"அக்கா, இஞ்சை ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டாள். "இந்தப் பிள்ளை இண்டைக்கு விஜயதசமி எண்டு போட்டிருக்கு."

ஞானம்பிகை அகப்பையோடு வந்து போனை எட்டி வாசித்தாள். பிறகு சுவரில் தொங்கிய கோயில் கலண்டரைப் பார்த்தாள். "இண்டைக்கு ஆயுத பூசை. நாளைக்கு விஜயதசமி. ஐயர் கோயிலிலையும் அப்பிடித்தானே சொன்னவர்."

"அப்ப இவளுக்கு?"

"அவையளின்ரை பஞ்சாங்கம் வேறையா இருக்கும். வாக்கியம், திருக்கணிதம் எண்டு ரெண்டு இருக்கெல்லே. சில வருசம் ஒரு நாள் விலத்தும்."

செல்வமலருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. நேற்றுப் புதன்கிழமை யுவஸ்ரீ ஓடரே அனுப்பவில்லை. தொழிற்சாலையில் வேலை குறைவாக்கும் என்று இவள் நினைத்துக்கொண்டாள். கிடைத்த நேரத்தில் இருவருமாக எந்தக் கலர் கேட்டாலும் காணும் என்று கலருக்கு மூன்று செட்டாக ரெக்ஸின் வெட்டிக் கட்டி வைத்துவிட்டு, அந்தி பட்டதும் மெசினுக்குப் பொட்டு வைத்தார்கள். அங்கே யுவஸ்ரீயோ புதன்கிழமை அக்காவுக்கு ஆயுத பூசை என்று நினைத்து, முதலாளி சிஞ்ஞோராவிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த நாளை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள். அவள் கேட்கவில்லை. இவள் சொல்லவில்லை. தமிழ்ப் பிள்ளைதானே, தெரியாமலா இருக்கும் என்று இவள். தமிழ் அக்காதானே, எனக்குத் தெரியாத பண்டிகையா என்று அவள். வாங்குகிற இடத்தில் ஒரு சிசிலிக்காரன் இருந்திருந்தால், உங்கள் பண்டிகை எப்போது என்று வாய் திறந்து கேட்டிருப்பான்.

செல்வமலர் போன் எடுத்து விசயத்தைச் சொன்னாள்.

"அக்கா, நேத்துதானேங்க ஆயுத பூஜை?" என்று யுவஸ்ரீ கேட்டாள்.

"உங்களுக்கு நேற்று. எங்களுக்கு இண்டைக்கு. மெசின் பூசையிலை இருக்கு பிள்ளை."

"ஆறு வண்டியும் லைன்ல ஏறிருச்சுங்க. சீட்டு மட்டும்தான் பாக்கி." அவள் குரல் மெலிந்துவிட்டது. "இருங்க. நான் அங்க வர்றேன்."

ஏன் வருகிறாள்? செல்வமலரின் மனம் கெட்டதையே நினைத்தது. வெட்டி வைத்த துண்டுகளை அள்ளிக்கொண்டு போய் வேறு யாரிடமாவது தைக்கக் கொடுக்கத்தான். ஒருமுறை வேறு கைக்குப் போன வேலை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அவள் எழுந்து தன் மெசினுக்கு முன்னால் போய் நின்றாள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டால் முடிந்தது. தன் பாட்டுக்குக் கை நீண்டது.

"மலர்" என்றாள் ஞானம்பிகை. சத்தம் போடவில்லை. "அதை எடுத்தியெண்டால் நான் இனி உன்னோடை இருந்து தைக்க மாட்டன்."

"அக்கா, ஓடர் போனால் உங்களுக்கும்தானே போகுது?"

"ஓம், போகட்டும். வைச்சனாங்கள். நாளைக்கு எடுக்கிறம் எண்டு சொல்லித்தானே வைச்சனாங்கள்? சாமியிட்டை ஒரு கதை, சிஞ்ஞோராவிட்டை ஒரு கதையோ?"

செல்வமலருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் மாலையைக் கழற்ற அவளுக்கே மனம் வரவில்லை. எடுத்தால் ஞானம்பிகை போய்விடுவாள், அவள் இல்லாமல் நாள் தவறாமல் ஆறு செட் தைக்க ஏலாது. எடுக்காவிட்டால் இன்றைக்கே பலகையில் பெயர் ஏறும். எப்படிப் பார்த்தாலும் போவது ஓடர்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள்.

யுவஸ்ரீ ஸ்கூட்டரை ஒழுங்கைக்குள் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். உள்ளே வந்தவளின் கண்ணில் முதலில் பட்டது மெசின்கள்தான். ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கியபடியே கையைக் கூப்பினாள். சட்டைப்பையில் போன் அடித்தது. முதலாளி சிஞ்ஞோரா. எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"எங்க அப்பா லேத் பட்டறை வச்சிருக்காருங்க" என்றாள் யுவஸ்ரீ. "ஒரு தடவை அவசர ஆர்டர்னு பூஜை அன்னிக்கு ஒருத்தர் வந்து நின்னாரு. அப்பா காப்பி குடுத்து அனுப்பிட்டாரு. எடுங்கன்னு உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். வாய் வரமாட்டேங்குதுங்க அக்கா."

கண் கலங்கி நின்றாள். அவளுடைய வேலை ஒப்பந்தம் வருசக் கடைசியில் முடிகிறது, புதுப்பிப்பதும் விடுவதும் சிஞ்ஞோராவின் கையில் என்பது செல்வமலருக்குத் தெரியும். செல்வமலரைக் கூட்டிக்கொண்டு போய், இவருக்கு நான் பொறுப்பு என்று சொல்லி ஓடர் வாங்கிக் கொடுத்தவளும் இவள்தான். இவள் துண்டுகளைப் பறிக்க வந்திருக்கிறாள் என்று சற்று முன் நினைத்ததற்காகச் செல்வமலர் வெட்கப்பட்டாள். ஆனாலும் பயம் போகவில்லை. மூன்று மணிக்கு அங்கே யாரால் என்று கேட்பார்கள். அப்போது இவள் யாருடைய பெயரைச் சொல்வாள்?

ஞானம்பிகை அகப்பையைக் கீழே வைத்தாள்.

"பிள்ளை, உனக்கு இண்டைக்கு என்ன நாள்?"

"விஜயதசமிங்க."

"வீட்டிலை பூசை செய்தனியோ?"

"காலையில செஞ்சேங்க. லேப்டாப்புக்குப் பொட்டு வச்சு எடுத்துட்டுத்தான் வேலைக்குப் போனேன்."

"அப்ப நீ எடு" என்றாள் ஞானம்பிகை.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கிறியள்? அவளுக்கு இண்டைக்கு எடுக்கிற நாள்தானே. பூசை செய்து அவள் எடுத்து, முதல் தையல் அவள் போடட்டும். அந்த மெசினுக்கு விஜயதசமி வந்திட்டுது. பிறகு மலர் இருந்து தைக்கட்டும். என்ரை மெசினிலை மட்டும் ஒருத்தரும் கை வைக்கப்படாது. எனக்கு நாளைக்குத்தான்."

இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. யுவஸ்ரீ கால் முகம் கழுவிக்கொண்டு வந்து கற்பூரம் காட்டினாள். மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றினாள். ஞானம்பிகை சொல்லச் சொல்ல, செல்வமலரின் மெசினில் மஞ்சள் உறை ஒன்றை வைத்து மிதியை அழுத்தினாள். ரெக்ஸின் தைக்கிற மெசின் முரடு, பழகாத காலுக்கு அடங்காது. தடதடவென்று ஓடி, போட வேண்டிய கோட்டை விட்டு ஒரு விரலளவு விலகி, ஒரு கோணல் தையலைப் போட்டுவிட்டு நின்றது. யுவஸ்ரீ வெலவெலத்துப்போய்க் கையை எடுத்துக்கொண்டாள்.

"காணும், எழும்பு" என்று செல்வமலர் அவளை எழுப்பிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். பிரித்துத் தைக்க நேரமில்லை.

அதற்குப் பிறகு அவள் தலை நிமிரவில்லை. இரண்டு மெசின் செய்கிற வேலையை ஒரு மெசின் செய்ய வேண்டும். முதல் மஞ்சள் முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவதில் ஊசி முறிந்தது. ஊசிப்பெட்டி பூசை மேசையில். "பிள்ளை, நீ எடுத்துத் தா" என்றாள். யுவஸ்ரீ ஓடிப்போய்ப் பெட்டியைக் கும்பிட்டு எடுத்துக் கொடுத்தாள். அதற்குள் சிஞ்ஞோராவின் போன் இன்னொரு முறை வந்தது. இந்த முறை யுவஸ்ரீ எடுத்து, வருகிறது, வருகிறது என்று இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டு வைத்தாள். எப்போது வரும் என்று அவள் சொல்லவில்லை. யாரால் தாமதம் என்றும் சொல்லவில்லை. செல்வமலர் தைத்துக்கொண்டே அதைக் கவனித்தாள்.

ஞானம்பிகை சுவரோடு சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குக் கை துறுதுறுத்தது. பிறகு நிலத்தில் உட்கார்ந்து, தைத்து விழுந்த உறைகளை எடுத்து உள்வெளியாகப் புரட்டத் தொடங்கினாள். தொங்கிய நூல்களை வெட்ட வேண்டும். கத்தரிக்கோலும் பூசையில்தான் கிடந்தது, தனக்கு நாளைக்குத்தான் என்று சொன்னவளுக்கு அதை யுவஸ்ரீயைக் கொண்டு எடுப்பிக்க மனம் வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள்.

"அக்கா, அது மட்டும் பரவாயில்லையோ?" என்று செல்வமலர் திரும்பாமலே கேட்டாள்.

"பல்லு ஆயுதமோ? நீ தையடி."

காலையிலிருந்து செல்வமலர் சிரித்தது அப்போதுதான். அதுவும் ஒரு மூச்சுக்கு.

கடைசிச் சிவப்பு முடியும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. அவித்த கடலையை யாரும் தொடவில்லை. சரக்குக் கொண்டு போகிற லாப்பாவை, பலெர்மோக்காரர் அந்த மூன்று சில்லுச் சாமான் வண்டியை அப்படித்தான் சொல்வார்கள், பத்மநாதன் வாசலில் நிறுத்தியிருந்தான். உறைகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்த மூவரும் அங்கே அப்படியே நின்றார்கள். நேற்று மாலை அவன் அதற்கும் பொட்டு வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காயும் வைத்துவிட்டான். அதுவும் ஆயுதம்தானே.

"பிள்ளை!" என்று செல்வமலரும் ஞானம்பிகையும் பத்மநாதனும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள்.

யுவஸ்ரீ ஏறித் திறப்பைத் திருப்பி, தேசிக்காய் நசுங்க வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்திவிட்டு இறங்கினாள். பத்மநாதன் ஏறினான். செல்வமலர் பின்னால் உறைகளுக்கு மேலேயே ஏறிக் குந்திக்கொண்டாள். யுவஸ்ரீயின் ஸ்கூட்டர் முன்னால் ஓர்ன் அடித்து வழி எடுத்துக்கொண்டு போனது.

தொழிற்சாலைக்குள் சத்தமே இல்லை. அதுதான் செல்வமலரை முதலில் அடித்தது. எந்த நேரமும் இரைந்துகொண்டிருக்கும் இடம். ஆறு வண்டிகளும் எலும்புக்கூடு மாதிரி இருக்கை இல்லாமல் நின்றன. வேலைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேற்பார்வைக்காரன் சால்வோ உறைகளை வாங்கி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். கப்பலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பொருத்திவிடலாம் என்று சொல்லி ஆட்களை ஏவினான். மெசின்கள் மறுபடி இரையத் தொடங்கின. செல்வமலருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

அப்போது சிஞ்ஞோரா அறையிலிருந்து இறங்கி வந்தார். கப்பலைப் பிடித்துவிடலாம் என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேரே பலகைக்கு முன்னால் வந்து நின்று, வேலை நின்றதுதானே என்று சால்வோவைக் கேட்டார். நின்றது, என்றான் அவன். யாரால்?

சால்வோ சிவப்பு மார்க்கரின் மூடியைக் கழற்றினான். செல்வமலரை ஒருமுறை பார்த்தான். கெட்டவனல்ல, பாவம், அவனுக்கும் கூச்சம்தான். "மலர்?" என்று கேட்டபடி பலகையில் முதல் எழுத்தைப் போடக் கையைத் தூக்கினான்.

செல்வமலருக்கு இத்தாலிய மொழி போதிய அளவு தெரியும். தரை துடைத்துத் துடைத்துப் படித்த மொழி. நானும் சொல்லாமல் விட்டேன், ஆனால் நான் மட்டுமல்ல என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நிற்கிற பிள்ளையைக் கை காட்டியிருக்கலாம். முழங்கால்களில் அந்தப் பழைய நோவு வந்து நின்றது.

"கொடுங்கள்" என்று யுவஸ்ரீ சால்வோவின் கையிலிருந்து மார்க்கரை வாங்கினாள். பலகையில் பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினாள். கடைசி எழுத்து கீழே இழுபட்டுப் போனது.

"நான் கேட்டிருக்க வேண்டும்" என்று சிஞ்ஞோராவிடம் இத்தாலிய மொழியில் சொன்னாள். "தெரியும் என்று நினைத்துக்கொண்டு கேட்காமல் விட்டேன். இவர்கள் விடுமுறை நாளில், ஒரே மெசினில் ஆறையும் தைத்துத் தந்திருக்கிறார்கள்."

சால்வோ ஒரு மஞ்சள் உறையைத் தூக்கிக் கோணல் தையலில் விரலை வைத்தான். "அப்போ இது?"

"அதுவும் என்னுடையதுதான்" என்றாள் யுவஸ்ரீ.

சிஞ்ஞோரா பலகையைப் பார்த்தார், பெண்கள் இருவரையும் பார்த்தார். திரும்பிப் படியேறிப் போனார். யுவஸ்ரீயின் ஒப்பந்தம் இருந்ததா போனதா என்று யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் பலகையில் சிவப்பாக இருந்தது. சால்வோ கோணல் தையல் அடிப்பக்கம் போகும்படி உறையைத் திருப்பி இருக்கையில் போட்டு ஆணி அறைந்தான்.

செல்வமலருக்கு அழுகை வந்தது. அதை அடக்கவும் இல்லை. நன்றி என்று சொல்ல வாய் கூசியது. அவளுக்குத் தெரிந்த ஒரே நன்றி வேலைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு எத்தினை செட் பிள்ளை?" என்று கேட்டாள்.

யுவஸ்ரீ மார்க்கரை மூடினாள். கையில் சிவப்பு மை பட்டிருந்தது.

"அதை நீங்க சொல்லுங்கக்கா. நாளைக்கு உங்களுக்கு விஜயதசமி. மெசினை எத்தனை மணிக்கு எடுப்பீங்க?"

"ஞானம்பிகை அக்காட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்றாள் செல்வமலர்.